சாக்கடையில் விளையும் மின்சாரம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தினந்தோறும் வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செல்வமென்று கருதுவோர் மிகச் சிலரே. கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாதபடி அது போய்விட்டால் போதுமென்பதே பொதுஜன அபிப்பிராயம். ஆனால் அந்த நீரானது, தன்னைச் சுத்திகரிக்கும் யந்திரங்களுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கையும் தன்னுடனேயே சுமந்து வருகிறது.

இது வெறும் ஏட்டுச்சுரைக்காயன்று. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கிடங்களில், நாளொன்றுக்கு மொத்தம் 26 கோடியே 40 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையங்களைக் குடிநீர் வாரியம் நிறுவியபோது, வாயுவினால் ஓடும் மின் யந்திரங்களையும் உடன் அமைத்தது. நீரிலிருந்து பிரியும் கசடு காற்றுப் புகாத தொட்டிகளில் பல நாட்கள் புளிக்கிறது. அதிலெழும் வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மீதேன். கந்தகச் சேர்மத்தை நீக்கி யந்திரத்தில் எரித்தால், ஒரு கன மீட்டர் வாயு சுமார் 2 யூனிட் மின்சாரம் தரும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்கவே உஷ்ணத்தில் கணிசமான பகுதி செலவாகிறது. நமக்கோ சென்னை வெயில் அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்துகிறது. (வெயிலைத் திட்டுபவர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.)

இவ்வித்தை நமக்குப் புதிதுமன்று. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியொன்றின் கழிவுத் தொட்டிகளில் 1897-லேயே இவ்வாயுவைச் சேகரித்தனர். இன்று டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரிலுள்ள மார்செலிஸ்போர்க் நிலையம் தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தையே உற்பத்தி செய்கிறது.

இங்கே தடையாக இருப்பது எது? வாயு அழுக்கிலிருந்து பிறப்பது; நிலையத்தை அடையாத அழுக்கு வாயு தராது. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைக்கப்பட்ட ஒவ்வொரு குழாயும் அடையாற்று நதியைக் கெடுப்பதோடு, பெருங்குடிக்கும் நெசப்பாக்கத்திற்கும் சேரவேண்டிய எரிபொருளையும் களவாடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் கழிவுநீர்க் குழாயிற் புகுந்தாலோ, கழிவின் சத்து நீர்த்துப் போகிறது. எரிக்காமல் ஆகாயத்தில் விடப்படும் மீதேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.

சூரியத் தகடுகளைப் பரப்பினால் போதாதோ என்பார் உளர். பரப்பட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கழிவுநீருக்குக் காற்றூட்டும் யந்திரங்கள் இரவிலும் ஓடியாக வேண்டும். தொட்டியிலுள்ள வாயுவுக்கோ இரவு பகல் இல்லை.

தென் சென்னைக் கவுன்சிலர்கள் மாதந்தோறும் வாரியத்தைக் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: பெருங்குடியிலும் நெசப்பாக்கத்திலும் வாயுவினால் கிடைத்தது எத்தனை யூனிட்? பணங்கொடுத்து வாங்கியது எத்தனை? யந்திரம் எத்தனை நாள் ஓடாமல் நின்றது?