தூசிப் பையை ஓயாமல் உதறலாமா?

பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடி எழ வேண்டுமானால் சிமென்ட் வேண்டும். அரியலூர், டால்மியாபுரம் போன்ற ஊர்களின் ஆலைகளில் அதை அரைக்கும்போது பறக்கும் தூசியை நீண்ட துணிப்பைகள் வடிகட்டுகின்றன.

எப்படிச் சுத்தமாகிறது பை?

தூசி பையின் வெளிப்புறம் படியும். மேலிருந்து அழுத்தக் காற்று ஏறத்தாழ 0.1 நொடி பாயும். துணி சட்டென உப்ப, படலம் உடைந்து கீழ்த்தொட்டியில் விழும்.

அடிக்கடி உதறினால் என்ன?

துணியைவிட, அதன்மேல் படிந்த மெல்லிய தூசிப் படலமே நுண்தூசியை நன்றாகப் பிடிக்கிறது. அதையும் உதிர்த்துவிட்டால் நுண்தூசி தப்பிவிடும், துணி தேயும், கம்ப்ரசர் மின்சாரமும் வீண்.

எப்போது உதற வேண்டும்?

கடிகாரக் கணக்கில் அல்ல. பையின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளந்து, மேல் வரம்பைத் தொட்டதும் தொடங்கி, கீழ் வரம்பில் நிறுத்த வேண்டும். அடுத்தடுத்த பை வரிசைகளை உதறினால், கிளம்பிய தூசி பக்கத்துப் பையில் ஒட்டும். இடைவிட்டு உதறுவதே நல்லது. அழுத்தக் காற்றில் ஈரம் இருந்தால் சிமென்ட் தூசி துணியிலேயே இறுகிவிடும். ஆகவே காற்றை உலர்த்தி அனுப்புவது கட்டாயம்.

ஆலையைச் சுற்றி வாழ்பவர்கள் சுவாசிக்கும் காற்று இந்தச் சிறு கவனங்களை நம்பியிருக்கிறது. அவற்றைச் செலவாகக் கருதக் கூடாது.