பக்கத்திலேயே இருந்தும் கூகுளில் தெரியாத டிசைன் கடைகள்

கோவை வட்டாரத்தில் ‘டிசைன்’ என்று பலகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே தொழில் செய்பவர்கள் அல்ல. ஆர்.எஸ்.புரத்தில் ஒருவருக்கு அது வீட்டு இன்டீரியர். காந்திபுரத்தில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ். பீளமேட்டுப் பக்கம் பம்பு, பவுண்டரி உதிரிகளுக்கு ஆட்டோகேட் வரைபடம். திருப்பூருக்குப் போய்விட்டால் எம்பிராய்டரி பஞ்சிங், பிரின்டிங்குக்குக் கலர் செப்பரேஷன். வீட்டு முன்னறையில் ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துத் தரும் பெண்களும் டிசைனர்கள்தான். ஆனால் கூகுளில் தங்களைப் பற்றி எழுதும்போது இவர்களில் பலர் ‘எல்லா வகை டிசைன் வேலைகளும் செய்து தரப்படும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெருக்காரர் தேடும்போதுகூட அவர்கள் கண்ணில் படாமல் போவதற்கு அந்த வரி ஒரு பெரிய காரணம்.

ஒருவர் போனில் ‘மாடுலர் கிச்சன்’ என்று தேடினால், எந்தக் கடையை மேப்பில் முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று அளவுகோல்களைச் சொல்கிறது. தேடிய விஷயத்துக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பெயர் பரவுவதற்குக் காலம் பிடிக்கும். பொருத்தம் மட்டும் இன்று மாலையே நம் கையால் சரிசெய்யக்கூடியது.

அதைச் சரிசெய்யும் இடம் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான், காசு கிடையாது. அதில் ஒரு முதன்மை வகையும் ஒன்பது துணை வகைகளும் வைத்துக்கொள்ளலாம். முதன்மை வகைதான் உயிர்நாடி. எந்த வேலை உங்களுக்குச் சோறு போடுகிறதோ அதை அங்கே வையுங்கள். பஞ்சிங் செய்பவர் ‘கிராஃபிக் டிசைனர்’ என்று போட்டால், லோகோ கேட்டுத்தான் போன் வரும். வேலைகளை எழுதும் இடத்தில் ‘பஞ்சிங்’, ‘ஆரி பிளவுஸ்’ என்று வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லையே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

கடைப் பெயரில் கை வைக்க வேண்டாம். பலகையில் இருக்கும் பெயரோடு ‘கோவையின் சிறந்த இன்டீரியர் டிசைனர்’ என்று ஒட்டவைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது கூகுளின் விதிக்குப் புறம்பானது. யாராவது புகார் செய்தால் புரொஃபைலே முடக்கப்படலாம். அப்படி நடந்தால், பல வருடங்களாகச் சேர்த்த ரிவ்யூக்களும் சேர்ந்து மறைந்துபோகக்கூடும்.

மேப்பில் குத்திய புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காந்திபுரம், டாடாபாத் மாதிரி வீதிகளுக்கு எண் வைத்த பகுதிகளில் புள்ளி அடுத்த வீதிக்குத் தள்ளிப்போவது எளிது. வருகிறவர் இரண்டு முறை சுற்றிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முகவரியை ஊருக்கே காட்ட வேண்டுமே என்ற தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குப் போய்ச் சேவை செய்கிறோம் என்று மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. இருபது பகுதிகள் வரை சேர்க்கலாம். வடவள்ளியில் இருந்துகொண்டு பட்டியலில் ஈரோட்டைச் சேர்த்தால் ஈரோட்டில் முதலிடம் வந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

புரொஃபைலைச் சரிபார்க்கக் கூகுள் இப்போது பல சமயம் வீடியோ கேட்கிறது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வீதியையும் அக்கம்பக்கக் கடைகளையும் முதலில் காட்டுங்கள். பிறகு பலகை. பிறகு நீங்களே பூட்டைத் திறந்து உள்ளே போய் மெஷினையும் மாதிரிகளையும் காட்டுங்கள். பலகை இல்லாத வீட்டுத் தொழில் என்றால் வேலை செய்யும் கருவிகளையும் தொழிலின் பெயர் உள்ள ஆவணங்களையும் காட்டலாம்.

டிசைன் தொழிலில் படம்தான் பேசும். ஆனால் திருப்பூரில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு பையருக்குச் செய்த டிசைனை, சரக்கு கடைக்கு வருவதற்கு முன் வெளியே காட்டினால் ஆர்டரே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் தாங்களே செய்த மாதிரிகளை, ஓடும் மெஷினை, துணியில் தையல் விழும் விதத்தைப் படமெடுத்துப் போடலாம். இன்டீரியர்காரர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டால், வேலை கேட்டு வருபவர் ‘இதே மாதிரி செய்யுங்க’ என்பார். பத்திரிகை, பிளவுஸ் வேலைக்காரர்களுக்கு ஆடி மாதம் கை ஓய்ந்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆட்கள் தேடத் தொடங்குவதற்கு முன் படங்களை ஏற்றிவிட அதுதான் நேரம்.

ரிவ்யூ கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலையை ஒப்படைக்கும் அன்றே, வாடிக்கையாளரின் முகம் மலர்ந்திருக்கும்போதே லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “என்ன வேலை, எந்த ஊர்ல செஞ்சோம்னு உங்க வார்த்தையிலேயே எழுதுங்க” என்று சொன்னால் போதும். ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லைவிட, ‘சரவணம்பட்டி ஃபிளாட்டுக்கு கிச்சன் போட்டாங்க, சொன்ன தேதிக்கு முடிச்சாங்க’ என்ற வரி அடுத்தவருக்குப் பயன்படும். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-இல் இணைய ரிவ்யூக்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது. குறை சொல்லி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்ல.

வெப்சைட் வைத்திருப்பவர்கள் திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பத்துப் பிரதி எடுக்க வேண்டாம். கூகுள் அதை ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. கரூரில் உண்மையிலேயே ஒரு ஷோரூம் செய்திருந்தால், அந்த வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் பக்கங்களில் பழைய கடையின் போன் நம்பர் கிடந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

“கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். விளம்பரத்துக்குக் கூகுள் காசு வாங்குகிறது. அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். மேப்பில் இடம் தருவதற்கோ வரிசையில் மேலே ஏற்றுவதற்கோ அது காசு வாங்குவதில்லை.

கடையில் உட்கார்ந்துகொண்டு தேடினால் நம் கடைதான் மேலே வரும்; தூரம் அப்படி. சிங்காநல்லூரில் இருக்கும் ஒருவரிடம், அங்கிருந்து தேடிப்பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைத் தேடி மக்கள் உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலும் புரொஃபைலுக்குள் இருக்கிறது. அதில் ஃபிளெக்ஸ் தேடி வந்தவர்களே நிறைந்திருந்து, நீங்கள் ஃபிளெக்ஸ் போடுவதை நிறுத்தி வருடமாகியிருந்தால், அந்த வகையை நீக்கிவிட்டு இப்போது செய்யும் வேலையை முதன்மை வகையாக்குங்கள்.