உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து கிளினிக்கில் மனசுக்கும் வைத்தியம்

● மனநோயாளிகளுக்காக சிங்கப்பூரில் முதல் மருத்துவமனை 1841-ல் பிராஸ் பாசா சாலை, பென்கூலன் தெரு முனையில் எழுந்தது. படுக்கைகள் 30. 1860-களில் அது நம் தேக்காவுக்குப் பக்கத்தில், கண்டாங் கெர்பாவ் வட்டாரத்துக்கு வந்தது. பிறகு ஒதுங்கி ஒதுங்கி, 1928-ல் ஈயோ சூ காங்கில் போய் நின்றது. 1951-ல் அருகிலிருந்த மரப்பாலத்தை வைத்து ‘உட்பிரிட்ஜ்’ என்று பெயரிட்டார்கள். நல்ல பெயர்தான், ஊர் வாயில் அதுவே வசைச்சொல்லானது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி வைத்தியமே பார்க்காமல் இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

● 2030-க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும், கூடுதலாக 900 தனியார் பொது மருத்துவர் கிளினிக்குகளிலும் மனநலச் சேவை கிடைக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வெளியான தேசியத் திட்டத்தின் இலக்கு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் காத்திருக்கும் அதே நாற்காலி, அதே வரிசை எண். நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

● நீரிழிவுக்கு மெடிசேவ் சேமிப்பிலிருந்து பணம் கட்டும் வசதி 2006-ல் வந்தது. கடும் மனச்சோர்வும் மனச்சிதைவும் 2009-ல் அதே வசதியில் சேர்ந்தன.

● “மனசு சரியில்லை, டாக்டர்” என்று நம்மவர்கள் எளிதில் சொல்வதில்லை. தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, சாப்பாடு இறங்கல என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால்தான் உலகெங்கும் பொது மருத்துவர்கள் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போனதா? ஆம் என்றால் மேலும் 7 கேள்விகள். மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து விசாரிப்பார். கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

● பொது மருத்துவரே மனசையும் கவனிக்கும் இந்த யோசனைக்கு நம் பக்கத்திலேயே வேர் உண்டு. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிலையம் 1980-களில் பெல்லாரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநலப் பயிற்சி அளித்தது. 1996-ல் தொடங்கிய இந்தியாவின் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

● தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

● கிளினிக் மூடிய பிறகு, நடுராத்திரியில் மனம் தவித்தால்? மனநல உதவி எண் 1771-க்கு அழையுங்கள். 2025 ஜூன் முதல் 24 மணி நேரமும் எடுக்கிறார்கள்.