மரபணுவும் மருந்தும்

நுரையீரற் புற்றுநோய் புகை பிடிப்போரையே பற்றும் எனப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயினும், புகையிலையைத் தொட்டும் அறியாதவரிடத்தும் அந்நோய் தோன்றுவதுண்டு. அத்தகையோரையும் ஊரார் ஐயுற்று நோக்குவது கொடுமையன்றோ? அவர்களுள் பலரிடம் நோய்க்குக் காரணமாய் நிற்பது ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு பிறழ்வேயாகும்.

நம் உயிரணுக்களின் மேற்புறத்தில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம் ஒன்று உளது. வெளியிலிருந்து செய்தி வந்தால், 'பெருகுக' என அஃது உயிரணுவிற்கு ஆணையிடும், பின்னர் ஓய்ந்துவிடும். அதனை ஆக்கும் மரபணு பிறழ்ந்தாலோ, செய்தி வாராமலே ஓயாது ஆணையிடும். அடிப்பார் இன்றியே ஒலித்துக்கொண்டிருக்கும் மணியை இதற்கு உவமை கூறலாம்.

அப்புரதம் ஆற்றல் பெறும் குழியிற் புகுந்து அதனை அடக்குவது ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை. 2002இல் ஜப்பானிலும் 2003இல் அமெரிக்காவிலும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதனை உண்டோருள் சிலர் வியக்கத்தக்க நலம் பெற்றனர். பலருக்கோ பயன் இல்லை. காரணம் யாது? பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் 2004இல் விடை கண்டனர். நலம் பெற்றோரின் புற்றணுக்களிலேயே அப்பிறழ்வு காணப்பட்டது. அதன்பின், மரபணுவைச் சோதித்து மருந்து தேரும் முறை வளர்ந்தது.

எனினும், புற்று எளிதில் அடங்கும் பகையன்று. ஏறத்தாழ ஓராண்டில் நோய் மீண்டும் தலைதூக்கலாயிற்று. புரதத்தின் 790ஆம் இடத்தில் இரண்டாவது பிறழ்வு தோன்றியிருந்தமை 2005இல் தெரிந்தது. அதனை வெல்ல வந்த ஓசிமெர்ட்டினிப் 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது 797ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு பிரியாது பிணைந்துகொள்ளும். சில நோயாளரிடம் அந்தச் சிஸ்டீனே செரைனாக மாறிவிட்டது. மருந்துக்குப் பற்றுக்கோடு இல்லாமற் போயிற்று.

வேறு சிலரிடம் மெட் என்னும் மற்றொரு மரபணு பல படிகளாகப் பெருகி, அடைபட்ட வழியை விடுத்துப் பிறிதொரு வழியால் ஆணை அனுப்புகின்றது. உயிரணுவைக் காக்கும் டி.பி.53 என்னும் மரபணுவும் கெட்டிருப்பின், மருந்தின் பயன் மேலும் குறுகுகின்றது. ஒரு கட்டியில் இவ்வாறு பல பிறழ்வுகள் கூடினால் ஒரு மருந்து போதாது. ஆகவே, இ.ஜி.எஃப்.ஆர்., மெட் இரண்டையும் ஒருங்கே பற்றும் அமிவான்டமாப் என்னும் மருந்தை லேசெர்ட்டினிப் மாத்திரையோடு சேர்த்து வழங்க, 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பரவிய நோய் இவற்றால் முற்றும் ஒழியும் எனக் கூறுவதற்கில்லை, வாழ்நாள் நீள்கின்றது. நோயாளியின் குருதியிற் கலந்துள்ள புற்றணுவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டே, புதிதாய்த் தோன்றிய பிறழ்வு எது என்பதைப் பல வேளைகளிற் கண்டறிய இப்போது இயலுகின்றது.