கண்டிச்சீமை போனவர்களின் பேரப்பிள்ளைகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி முன்வரிசையில் இருந்தது. காவிரியின் வடகரையில் முசிறி, அதையடுத்துத் துறையூர், பெரம்பலூர் எனப் பல வட்டாரங்களின் நிலமற்ற குடும்பங்கள் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்ப, ஆள்திரட்டும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு ‘கண்டிச்சீமை’ என்ற இலங்கை மலையகத்துக்குப் புறப்பட்டன. அந்த முன்பணமே புதிய கடனானது. ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு தீராதவரை ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. இந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அதன் குடியுரிமைச் சட்டம் இவர்களை வெளியே நிறுத்தியது. தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ அந்தத் தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டால், தோட்டத்தின் வரிசைவீடான லயத்து அறையில் பிறந்து வளர்ந்த தொழிலாளி எதைக் காட்டுவார்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களிடம் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பின்னர் வந்த துயரங்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய இவர்களுக்கு மண்டபம் முகாம் முதல் தங்குமிடமானது. 1984இல் இலங்கையின் போர்ச் சூழலால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் ஆயிரக்கணக்கானோர் தோட்டங்களிலேயே தங்க நேர்ந்தது.

ஒப்பந்தத்துக்கு வெளியேயும் ஒரு பெயர்வு நடந்தது. 1977 ஆகஸ்டு வன்முறையில் மலையகத் தமிழர் வீடிழந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினார்கள். மருத்துவர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களை அங்கே குடியமர்த்தியது. அந்தப் பணிக்குக் கிடைத்த பலன் கைது. 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் ராஜசுந்தரமும் கொல்லப்பட்டார். அந்த மாதம் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைத் தமிழரோடு மலையகக் குடும்பங்களும் தமிழகத்துக்குப் படகேறின. ஆனால் இம்முறை அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ அல்லர், அகதிகள். 1983 முதல் போர் முடிந்த பின்வரை தமிழகம் வந்த அகதிகள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் தமிழகத்தின் அகதி முகாம்கள் மீதான பார்வை அடியோடு மாறியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது, பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. 1992இல் திருப்பி அனுப்புதல் தொடங்கியபோது, மக்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்தது. அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் அவ்வாண்டே அனுமதிக்கப்பட்டது. ஒரு கொலைக்காகத் தொடர்பே இல்லாத பல்லாயிரம் பேர் விலை கொடுத்தார்கள்.

திருச்சி மாவட்டத்தில் இன்று கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் முகாம்கள் உள்ளன. கொட்டப்பட்டிலிருந்து முசிறி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கு இத்தனை அருகில் வாழ்ந்தும் பேரன் சட்டத்தின் கண்ணில் அயலான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. உரிய ஆவணமின்றி வந்தவர் 2003இன் குடியுரிமைத் திருத்தப்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. 2019இன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே விலக்கில் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, 7,469 வீடுகள் உள்ளிட்ட ரூ.317.40 கோடித் திட்டத்தை அறிவித்தது. வீடு கட்டித் தர மாநிலத்தால் முடியும். குடியுரிமை தர முடியாது.

அதைத் தேடி மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், விதிகளைத் தளர்த்தி முடிவெடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கூறினார். 2022இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. மண்டபத்தில் 1986இல் பிறந்து கொட்டப்பட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அதன்படி அவர் வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த தம்பி தங்கைகளுக்கு இந்த வழி இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒரு தேதி பிரிப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள ‘சிறப்பு முகாம்’ இன்னும் கொடியது. வழக்கில் பிணையோ விடுதலையோ கிடைத்த அயல்நாட்டவரையும், அயல்நாட்டார் சட்டத்தின்கீழ் நிர்வாக ஆணையால் அங்கே அடைத்து வைக்க முடிந்தது. கைதிகள் அல்லர் என்று சொல்லியே அடைக்கப்பட்டவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தனும் அங்கேதான் வைக்கப்பட்டார். தாயிடம் திரும்பும் முன்பே, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் அவர் இறந்தார்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டார் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வெளியானது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள், ஆவணமின்றி வந்ததற்காகவும் தங்கியதற்காகவும் தண்டிக்கப்பட மாட்டார்கள். நீண்ட காலக் கோரிக்கையில் இது ஒரு பகுதி. வழக்குப் பயம் குறையும். ஆனால் அந்த ஆணை எவரையும் குடிமகனாக்கவில்லை. அதற்கு மத்திய அரசின் தனி முடிவோ நாடாளுமன்றத் திருத்தமோ வேண்டும்.