கொங்குநாட்டில் கிட்டிய வாகை

கால்பந்தில் வங்கமும் கோவாவும் ஈட்டிய புகழைத் தமிழகம் வெகுகாலம் தூரத்திலிருந்தே பார்த்து வந்தது. 2019 மார்ச் 9-ந் தேதி அந்நிலை மாறிற்று. கோவை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம், முதல் கோலை எதிரணிக்கு விட்டுக் கொடுத்தும் மனந்தளராது, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் முறியடித்து ஐ-லீக் பட்டத்தை வென்றது. 20 ஆட்டங்களில் அதன் புள்ளிகள் 43. அன்றே கோழிக்கோட்டில் வெற்றி கண்ட ஈஸ்ட் பெங்காலுக்கோ 42. ஒரே புள்ளியில் கல்கத்தாவின் நம்பிக்கை தகர்ந்தது!

சிங்கப்பூர் அக்பர் நவாஸ் பயிற்சியளித்தார். உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தில் அஸ்ஸாமின் கௌரவ் போரா இரு கோல்கள் போட்டார். எட்வின் வான்ஸ்பால் முதலிய தமிழ் இளைஞர்களும் தோள் கொடுத்தனர்.

பின்னர் நிகழ்ந்ததென்ன? 2020-21 பருவத்திற்குப் பின் அக்கழகத்தை ஐ-லீக்கில் காணோம். கோப்பையைக் கொண்டாடிய நாம் கழகத்தைக் காக்க முன்வரவில்லை. பஞ்சாலைகளையும் பம்புத் தொழிலையும் வளர்த்த கொங்குநாட்டிற்கு இது அரிய காரியமா? பள்ளிதோறும் மைதானமும், ஊர்தோறும் சிறுவர் அணியும், சந்தா செலுத்தும் அபிமானிகளும் வேண்டும். இவையின்றி வரும் வெற்றி ஒருநாள் திருவிழாவே. கோவைப் பிரமுகர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!