கொக்கிப் பின்னல்

கொக்கிப் பின்னல் என்பது முனையில் கொக்கி அமைந்த ஒரேயொரு ஊசியைக் கொண்டு, நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணி, லேஸ், குல்லாய், பொம்மை முதலியவற்றை உருவாக்கும் கைவேலை ஆகும். பேச்சு வழக்கில் இது குரோஷா என்றும் குரோசே என்றும் வழங்கப்படுகின்றது. கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நெசவு, இரட்டை ஊசிப் பின்னல் ஆகிய இரண்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பொறிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டன. கொக்கிப் பின்னலோ இன்றும் வணிக அளவில் கையாலேயே செய்யப்படுகின்றது. இதன் நுட்பத்தை மட்டுமன்றி இதற்குக் கிடைக்கும் கூலியையும் விலையையும் புரிந்துகொள்ள இச்செய்தி அடிப்படையானது.

பெயர்க் குழப்பம்

தமிழில் பின்னல் என்ற சொல் சடைப் பின்னல், வயர் கூடைப் பின்னல், கம்பளிச் சட்டை பின்னுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவானது. திருப்பூருடன் சேர்த்துச் சொல்லப்படும் பின்னலாடை என்பது பொறியில் பின்னப்பட்ட பனியன் துணியைக் குறிக்கும். அது இரட்டை ஊசிப் பின்னலின் வழிவந்தது. கொக்கிப் பின்னல் அன்று.

இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியின்மேல் திறந்த நிலையில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ளவையும் ஏணிபோல் வரிசையாகப் பிரிந்து இறங்கும். கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் செய்யப்படும்போதே மூடப்பட்டுவிடுகின்றது. கொக்கியின்மேல் மிஞ்சுவது ஒரு கண்ணி மட்டுமே. ஆகவே வேலையைப் பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். திரும்பி வந்து அக்கண்ணியிலிருந்தே தொடரலாம். தவறு நேர்ந்தால் நூலை இழுத்து வேண்டிய இடம் வரை பிரித்துக்கொள்ளவும் முடியும்.

நாகர்கோவில் லேஸ் எனப்படுவதும் இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. 1819 இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்குப் பெண்களுக்குக் கற்பித்தது, திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் திண்டு லேஸ் ஆகும். அதில் கொக்கிக்கு இடமில்லை.

கருவியும் நூலும்

கொக்கி ஊசியின் அளவு அதன் தண்டின் விட்டத்தால் குறிக்கப்படுகின்றது. லேஸ் நூலுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகு ஊசிகளும், உல்லன் நூலுக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையான அலுமினிய அல்லது மர ஊசிகளும் பயன்படுகின்றன. பழகுபவர்கள் 4 மில்லிமீட்டர் ஊசியையும் வெளிர் நிற நூலையும் எடுத்துக்கொள்வது நல்லது. கருப்பு நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா.

கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆட்டுக் கம்பளி அன்று; அக்ரிலிக் என்னும் செயற்கை இழை ஆகும். இது மலிவானது, உறுத்தாதது, எளிதில் துவைக்கத்தக்கது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், அதனை அடுத்த தளி போன்ற இடங்களில் மார்கழி, தை மாதக் குளிருக்குக் குல்லாய், கழுத்துப் பட்டி முதலியன பின்ன இது பொருந்தும். சமவெளி வெயிலுக்குப் பருத்தி நூலே ஏற்றது. சூடான பாத்திரத்தின் அடியில் வைக்கும் விரிப்பையும் பருத்தி நூலிலேயே பின்ன வேண்டும். அக்ரிலிக் வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இசுதிரிப் பெட்டியை வைப்பதும் கூடாது.

அடிப்படைக் கண்ணிகள்

சுருக்கு முடிச்சொன்றைக் கொக்கியில் மாட்டி, நூலைக் கொக்கியில் ஒருமுறை சுற்றி அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி கிடைக்கும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உண்டாகும் சங்கிலியே பெரும்பாலான வேலைகளுக்கு அடித்தளம்.

கொக்கியை முன்னைய கண்ணியொன்றினுள் நுழைத்து, நூலைச் சுற்றி இழுத்தால் கொக்கியின்மேல் இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியேயும் இழுத்தால் குட்டைக் கண்ணி. நுழைப்பதற்கு முன்பே நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டால், இழுத்தபின் கொக்கியில் மூன்று கண்ணிகள் இருக்கும். அவற்றை இரண்டிரண்டாக இருமுறை மூடினால் நெட்டைக் கண்ணி. நுழைத்துச் சுற்றிய நூலை எல்லாவற்றின் வழியேயும் ஒரேயடியாக இழுப்பது நழுவு கண்ணி. இது வட்டத்தின் இரு முனைகளை இணைக்கப் பயன்படும். மிகச் சிக்கலாகத் தோன்றும் மேசை விரிப்புகளும் பெரும்பாலும் இந்நான்கின் சேர்க்கைகளே.

இங்குக் குட்டை, நெட்டை என்று பெயரிட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. குட்டைக் கண்ணியை அமெரிக்கர் சிங்கிள் குரோசே என்பர். பிரித்தானியர் அதையே டபுள் குரோசே என்பர். அமெரிக்கரின் டபுள் குரோசே பிரித்தானியருக்கு டிரெபிள் ஆகும். இந்தியாவில் இரு நாட்டுக் குறிப்புகளும் புழங்குகின்றன. குறிப்பு எந்த வழக்கினது என்று பாராமல் தொடங்கினால் குல்லாய் குழந்தைக்குப் பதில் பொம்மைக்குத்தான் சேரும். சிங்கிள் குரோசே என்ற பெயர் ஓரிடத்திலேனும் வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு என்று கொள்ளலாம். பிரித்தானிய வழக்கில் அப்பெயர் பொதுவாக வருவதில்லை.

வட்டத்தின் கணக்கு

தட்டையான வட்டம் பின்னும்போது ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணிகளைக் கூட்டுவது என்பது பழகுபவர் எல்லோருக்கும் எழும் ஐயம். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூட்டுகின்றது. எனவே சுற்றளவு அவ்வுயரத்தின் 2π, அதாவது சுமார் 6.28 மடங்கு கூட வேண்டும். குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டினால் போதும். நெட்டைக் கண்ணியின் உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலால் 12 கூட்ட வேண்டும்.

இதற்குக் குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணமாகக் குழியும். மிகுதியாகக் கூட்டினால் விளிம்பு கோழிக்கொண்டைபோல் அலையலையாகச் சுருளும். பின்னுபவருக்கு இது பிழை. கணிதவியலாருக்கு இதுவே பயன்பட்டது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, லாத்வியாவில் பிறந்த தைனா தைமினா, 1997 இல் இம்முறையில் அதிவளைய வடிவவியலின் தளத்தைப் பின்னிக் காட்டினார். அதற்கு முன்பு தாளை வெட்டி ஒட்டிச் செய்யப்பட்ட மாதிரிகள் கையாளும்போதே கிழிந்துவந்தன. இதுபற்றி அவர் எழுதிய நூலுக்கு 2012 இல் ஆய்லர் நூல் பரிசு கிடைத்தது.

எடுத்துக்காட்டு: குழந்தைக் குல்லாய்

ஆறு மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 42 முதல் 43 சென்டிமீட்டர் இருக்கும். பின்னல் சற்று இழுபடும் என்பதால் குல்லாயின் சுற்றளவை 40 சென்டிமீட்டராகக் கொள்ளலாம். இதை 3.14 ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் விட்டம் சுமார் 12.7 சென்டிமீட்டர்.

4 சங்கிலிக் கண்ணிகள் போட்டு, நழுவு கண்ணியால் வளையமாக இணைக்க வேண்டும். 3 சங்கிலிக் கண்ணிகளால் எழும்பி (இது முதல் நெட்டைக் கண்ணியாகக் கணக்கிடப்படும்), வளையத்தினுள் மேலும் 11 நெட்டைக் கண்ணிகள் பின்னி இணைத்தால் முதற் சுற்றில் 12 இருக்கும். ஒவ்வொரு சுற்றையும் இவ்வாறே 3 சங்கிலிக் கண்ணிகளில் தொடங்கி நழுவு கண்ணியில் முடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 24. மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு பின்னினால் 36. இவ்வாறு ஆறாம் சுற்றில் 72 ஐ அடையும்போது, 4 மில்லிமீட்டர் ஊசியில், விட்டம் ஏறத்தாழ வேண்டிய அளவுக்கு வந்திருக்கும். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறாதலால் அளவுகோலை வைத்துப் பார்ப்பதே முறை. அதன்பின் கூட்டுவதை நிறுத்தி, 72 கண்ணிகளாகவே எட்டுச் சுற்றுகள் பின்னினால் குல்லாய் கீழிறங்கும். நூல் முனையைத் தையல் ஊசியால் உட்புறம் கோத்து மறைக்க வேண்டும். கைக்குழந்தையின் குல்லாயில் கயிறு, பொத்தான், மணி முதலியவற்றைத் தவிர்ப்பது நன்று.

இதில் கூட்டும் சுற்றுகளுக்கு 252, நேர்ச் சுற்றுகளுக்கு 576, ஆக மொத்தம் 828 கண்ணிகள் உள்ளன. நிமிடத்துக்குப் பத்து நெட்டைக் கண்ணிகள் பின்னும் பழகிய கைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். இக்கணக்கு பின்னர் தேவைப்படும்.

வரலாறு

இதன் தொன்மை குறித்துப் பல ஊகங்கள் உள்ளன. அச்சில் வந்த குறிப்புகளுள் மிகப் பழையதாகப் பரவலாகச் சுட்டப்படுவது 1823 இல் பெனெலோப்பே என்னும் தச்சு மொழி இதழில் வந்தது. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, கன்னியர் மடங்களும் நிவாரண அமைப்புகளும் இதனைப் பெண்களுக்குக் கற்பித்தன. பூ, இலை, கொடி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பின்னிப் பின்பு வலைபோன்ற பின்னணியால் இணைப்பது ஐரியப் பின்னலின் சிறப்பு. இதனால் ஒருவர் பூவையும் மற்றொருவர் இலையையும் செய்து, வேறொருவர் இணைக்கும் வேலைப் பிரிவினை இயன்றது. பஞ்ச காலத்தில் பல குடும்பங்களுக்கு இவ்வருவாயே துணையாயிற்று.

நரசாபூர்

இந்தியாவில் இக்கலைக்குப் பெயர்பெற்றது ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபூர் வட்டாரம். 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிசனரிகள் வழியாக இங்கு வந்த இவ்வேலை, பின்னர் வணிகர் கைக்கு மாறி ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. வணிகர் நூலைக் கொடுப்பர். பெண்கள் வீட்டிலிருந்தே பின்னித் தருவர். இடைத்தரகர் சேகரித்துச் செல்வர். நரசாபூர் குரோசே லேஸுக்கு 2024 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இத்தொழிலை ஆராய்ந்த செருமானியச் சமூகவியலாளர் மரியா மீசு 1982 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதன்மையானது. உலகச் சந்தைக்கான பொருளைச் செய்யும் இப்பெண்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகளாகவே அவர்கள் கருதப்பட்டனர் என்று அவர் காட்டினார். அவர்களது நாள் வருவாய் வயல் வேலைக்குச் செல்லும் பெண்களின் கூலியைவிடவும் குறைவாக இருந்தது. வீட்டுக்கு வெளியே வேலைக்குச் செல்லாதது குடும்பத்தின் மதிப்பைக் காக்கும் என்ற எண்ணமே, குறைந்த கூலியை ஏற்கச் செய்யும் கருவியும் ஆயிற்று. பொழுதுபோக்கு என்ற சொல் இத்தொழிலில் எத்தனை விலை உயர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

சென்னைப் போர்வை

தமிழ்நாட்டில் இது பெருமளவு பொழுதுபோக்காகவும் அன்பளிப்பாகவும் நிலவுகின்றது. 2016 சனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோசே குயீன்ஸ் என்னும் பெண்கள் குழு, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பலர் தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை இணைத்து அது உருவாக்கப்பட்டது.

மேற்கண்ட குல்லாயின் கண்ணி அளவைக் கொண்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 18,000 நெட்டைக் கண்ணிகள், அதாவது 30 மணி நேரம் தேவை. துளைகள் மிக்க கோலமாயின் இது குறையும். அவ்வாறு பாதியாகக் குறைந்தாலும் முழுப் போர்வைக்கு ஒன்றரை இலட்சம் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

பொறியும் விலையும்

இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589 இலேயே காலுறை பின்னும் பொறியை அமைத்துவிட்டார். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் தத்தம் இடத்தில் திறந்து நிற்பதால், கண்ணிக்கு ஓர் ஊசி என்று நிறுத்தி எல்லாவற்றையும் ஒருசேர இயக்கலாம். திருப்பூரின் வட்டப் பின்னல் பொறிகளிலும் இதே தத்துவமே. கொக்கிப் பின்னலில் திறந்திருப்பது ஒரே கண்ணி. கொக்கி ஒவ்வொரு முறையும் முடிந்துபோன பின்னலில் சரியான துளையைத் தேடி, உள்ளே நுழைந்து நூலைப் பற்றி வர வேண்டும். துணியோ வளைந்து நெளிந்து கிடக்கும். ஆய்வகங்களில் எளிய கண்ணிகளைச் செய்யும் முன்மாதிரிகள் உருவாகியுள்ளன; ஆலைகளில் இவை இன்னும் இடம்பெறவில்லை. சந்தையில் குரோசே பொறி எனப்படுபவை உண்மையில் வேறு வகைப் பின்னல் பொறிகளே. நாடா, லேஸ் விளிம்பு போன்றவற்றை அவை தரும்.

ஆகவே உண்மையான கொக்கிப் பின்னலாடை எந்தக் கடையில் தொங்கினாலும் அதை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். உண்மையானதா என்பதை அறிய, துணியைத் திருப்பிப் பார்க்கலாம். கைவேலையில் கண்ணிகள் தடித்து, ஒவ்வொன்றும் தனி முடிச்சுப்போல் நிற்கும். சுற்று தொடங்கும் இடமும் நூல் முனை மறைத்த இடமும் தெரியும். பொறித் துணியில் மெல்லிய இழைகள் நெடுக்காக ஒரே சீராக ஓடும்.

30,000 குட்டைக் கண்ணிகள் கொண்ட மேற்சட்டை ஒன்றை நிமிடத்துக்கு 20 கண்ணி வேகத்தில் இடைவிடாது பின்னினாலும் 25 மணி நேரம் ஆகும். எட்டு மணி வேலைநாளாகக் கொண்டால் மூன்று நாள் கூலி. நூல் விலை, இடைத்தரகர் பங்கு, கப்பல் கட்டணம், கடை வாடகை ஆகிய அனைத்தும் இதற்குமேல் வருபவை. ஓர் ஆடையின் விற்பனை விலை அந்த மூன்று நாள் கூலியைக்கூட எட்டவில்லையாயின், அக்குறைவு பின்னியவரின் கூலியிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கும்; நேரத்தைக் குறைக்கும் பொறி எதுவும் இடையில் இல்லை. தெரிந்தவர்களுக்காக வீட்டில் பின்னி விற்பவர்களும் பெரும்பாலும் நூலின் விலையை இரட்டித்து விலை சொல்கின்றனர். அதனினும், முதலில் கண்ணிகளை எண்ணி, தம் வேகத்தால் வகுத்து, கிடைக்கும் மணி நேரத்துக்குக் கூலி இட்டுப் பின்பு நூல் விலையைச் சேர்ப்பதே சரியான முறை. முன்சொன்ன 828 கண்ணிக் குல்லாய்க்கு அது ஒன்றரை மணிக் கூலியும் நூலும் ஆகும்.